எட்டுக்கு எட்டு

கேக் வெட்டினார்கள் அண்ணாச்சி. எட்டுக்கு எட்டு வாங்கிவிட்டோம் என்று கேக் வெட்டினார்கள். கேக்கின்மேல் சர்க்கரையில் செய்த ஒரு எலி. அதன் காதைப் பிய்த்து எங்கள் மேடம் என் வாயில் ஊட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் உயிருள்ள எலிகள் கூண்டு கூண்டாகச் செத்துக்கொண்டிருந்தன. நான் அந்தக் காதைத் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. பட்டர் கிரீம், வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது.

எங்கே வேலை என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள், தெரிகிறது. தூத்துக்குடியில் ஏறியதிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திருச்சிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். நீங்கள் மதுராந்தகத்தில் கடை வைத்திருக்கிறேன் என்றீர்கள், பேச்சு நம் பக்கத்துப் பேச்சாக இருந்தது, அதனால் சொல்கிறேன்.

நாளைக்குக் காலையில் விசாரணை. ஒரு அம்மாவின் வேலை போகப்போகிறது அண்ணாச்சி, அவர்கள் செய்யாத தப்புக்கு. நான் சாட்சி. நாளைக்கு அந்த மேசையில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். யாரையும் விடப்போவதில்லை.

சொல்கிறேன், முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மருந்துகளை எலிக்குக் கொடுத்துச் சோதிக்கிற ஒரு கம்பெனி. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். எலி என்றால் நம் வீட்டு உத்தரத்தில் ஓடுகிற எலி இல்லை. புற்றுநோய் மருந்து சோதிப்பதற்கென்று ஒரு ஜாதி, உடம்பில் மயிரே இருக்காது. தோல் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். நோயை எதிர்க்கிற சக்தியும் கிடையாது. நாம் தும்மினால் அது சாகும். அதனால் அந்த எலிகள் இருக்கிற அறைக்குள் போகிறவர்கள் குளித்து, அங்கேயே வைத்திருக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். என் வேலை அந்த எலிகளின் தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்ததை, ஸ்வாப் என்போம், அதை ஆட்டு ரத்தம் கலந்த பிளேட்டில் தேய்த்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, நோய்க்கிருமி ஏதாவது வளர்கிறதா என்று பார்ப்பது. வளர்ந்தால் என்ன கிருமி என்று சொல்வது. வளராவிட்டால் இல்லை என்று சொல்வது. அவ்வளவுதான்.

எங்கள் அம்மா தெருவில் எல்லோரிடமும் என் மகன் பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். எலிக்கு என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

இப்போது, கிருமியை நாங்கள் சரியாகத்தான் கண்டுபிடிக்கிறோமா என்று எங்களை யார் சோதிப்பது? அதற்கு வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து பரீட்சை வைப்பார்கள். எட்டுச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஐஸ் பெட்டியில் வரும். உள்ளே பொடி மாதிரி உலர்த்தின சாம்பிள். எதில் என்ன கிருமி இருக்கிறது என்று அனுப்பினவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சிலதில் ஒன்றுமே இருக்காது. நாங்கள் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். மார்க் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் எங்களுக்கு வேலை கொடுக்கும்.

இதில் விதி என்ன தெரியுமா? அந்தக் குப்பிகளைத் தினசரி சாம்பிளைப் போலவேதான் நடத்த வேண்டும். அதே ஆள், அதே பிளேட், அதே நேரம். அப்போதுதானே தினசரி வேலையின் லட்சணம் தெரியும்? அதுதான் விதி. எந்த லேபில் செய்கிறார்கள் என்கிறீர்கள்? ஒருவரும் செய்யமாட்டார்கள். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் வீட்டைக் கழுவி விடுவார்களே, அந்தக் கதைதான். குப்பி வந்துவிட்டால் லேபில் மற்ற எல்லா வேலையும் நிற்கும். புதுப் பிளேட் எல்லாம் குப்பிக்கு. நல்ல கை எதுவோ அந்தக் கை குப்பிக்கு. ஏமாற்று வேலை அண்ணாச்சி. சுத்தமான ஏமாற்று வேலை. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்து நாங்கள் திரும்பியதும் பெட்டி வந்தது. நளாயினி மேடம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அவர்தான் கிருமிப் பிரிவுக்குத் தலைவர்.

“போன வருஷம் ஒண்ணு தப்பாச்சு. அதுக்கு மூணு கான்ட்ராக்ட் ஆளுங்க வீட்டுக்குப் போனாங்க. இந்த வருஷம் ஒண்ணு தப்பானா நானும் போவேன், போறப்ப தனியா போகமாட்டேன்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “கொம்பையா, நீதான் பண்ற. உனக்குத்தான் கை சுத்தம்” என்றார்.

கொம்பையா என் பெயர். குலசாமி பெயர். அதை வைத்து அங்கே போதும் போதுமென்று சிரித்துவிட்டார்கள், அது வேறு கதை. பக்கத்து மேசை பிரான்சிஸ் என்னைக் கொம்பா என்றுதான் கூப்பிடுவான்.

அதே நாள் காலையில்தான் டாக்டரம்மா வந்தார்கள். கோகிலவாணி என்று பெயர், கால்நடை மருத்துவர், நாமக்கல் பக்கம். எலி அறைகளுக்கெல்லாம் அவர்கள்தான் பொறுப்பு. அவர்கள் வேலைதான் நாளைக்குப் போகப்போகிறது. கையில் ஒரு தட்டில் ஸ்வாப் குழாய்கள். வெளியிலிருந்து புதிதாக எலி வந்திருக்கிறது, தனி அறையில் வைத்திருக்கிறேன், உள்ளே கிருமி இல்லை என்று நாங்கள் சொன்னால்தான் மற்ற எலிகளோடு விடமுடியும் என்றார்கள்.

“ரெண்டு தும்முதுங்க தம்பி. ஒண்ணுக்குக் கண்ணு ஒட்டிக்குது. எனக்கென்னமோ சரியாப் படலைங்க. இன்னைக்கே போட்டுருங்க, என்ன?”

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். மேடம் பார்த்துவிட்டார். “அதை ஃப்ரிட்ஜ்ல வை” என்றார். “ரொட்டீன் எங்கயும் ஓடிப்போகாது. குப்பி முடியட்டும்.”

அந்த ஸ்வாப் காத்திருக்காது அண்ணாச்சி. தும்மல், கண் ஒட்டுவது என்றால் நாங்கள் சந்தேகப்படுகிற கிருமி ஒன்று இருக்கிறது, பாஸ்டுரெல்லா என்று. நோஞ்சான் கிருமி அது, சீக்கிரம் செத்துவிடும். எடுத்த அன்றோ மறுநாளோ பிளேட்டில் போட்டால்தான் வளரும். குளிரில் போட்டு வைத்தால் உள்ளேயே செத்துப்போகும். கல்லூரியில் இரண்டாம் வருஷத்திலேயே சொல்லித்தந்துவிடுவார்கள். இதை மேடத்துக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. போனில் பேசுகிறவரிடம் குறுக்கே எப்படிப் பேசுவது? ஃப்ரிட்ஜில் வைத்தேன். என்னிடம் சொன்னதைத்தானே நான் செய்ய முடியும்? எவ்வளவு அக்கிரமம் பாருங்கள். உயிருள்ள சாம்பிள் ஃப்ரிட்ஜில், பரீட்சைப் பொடிக்கு ராஜ உபசாரம்.

பரீட்சையில் நான் குறை வைக்கவில்லை. பரீட்சை என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான்தான். அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சை ஒன்றுதான் அண்ணாச்சி. கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் எனக்கு உடம்பு நடுங்கும், ஆனால் கை நடுங்காது. ஒவ்வொரு குப்பியையும் ஒருமுறை போட்டால் போதும் என்று இருக்கிறது. நான் மூன்றுமுறை போட்டேன். புதுப் பிளேட்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பிரான்சிஸ் இரண்டு பிளேட் கேட்டான், கொடுக்கவில்லை. மூன்றாவது குப்பியைத் திறந்து போட்டதில் மறுநாள் பச்சையாகப் படர்ந்து வந்தது பாருங்கள், மூடியைத் திறந்ததும் திராட்சை வாசனை. அது ஒரு கிருமிக்கு மட்டும்தான் வரும். அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். யாரும் வரச்சொல்லவில்லை, நானேதான் போனேன். 

அந்த நாட்கள் பூராவும் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பதுபோல அந்த எட்டுக் குப்பிகளையும் பார்த்துக்கொண்டேன். ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு கண்ணில் படும். மேடத்தை நினைத்து ஆத்திரமாக வரும். மூடிவிடுவேன்.

நாலாவது குப்பியில்தான் வந்தது சண்டை. அதில் ஒன்றுமே வளரவில்லை. மூன்றுமுறை போட்டும் வளரவில்லை. ஒன்று, குப்பியே வெறுமையாக இருக்க வேண்டும். அல்லது நான் கரைக்கும்போது கிருமியைக் கொன்றிருக்க வேண்டும். மேடம் என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்தார். வேறு மாநிலத்தில் ஒரு லேபில் அவருடைய சிநேகிதி இருக்கிறார். அவர்களுக்கும் அதே பரீட்சை.

“நாலாவதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்கிறார் அண்ணாச்சி, என் முன்னாலேயே. வெட்கமே இல்லாமல். பரீட்சை எழுதும்போது பின் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பதுபோல. கேட்டுவிட்டு என்னிடம், “சால்மொனெல்லாவாம். எழுது” என்றார்.

“மேடம், நமக்கு வளரலையே.”

“உனக்கு வளரல. அவங்களுக்கு வளந்திருக்கு. அவங்க இருபது வருஷமா இதுல இருக்காங்க. நீ போன வருஷம் வந்த.”

“வளராததை வளர்ந்துச்சுன்னு நான் எழுதமாட்டேன் மேடம்.”

சொல்லிவிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. பிரான்சிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “கொம்பா, உன் கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது. சால்மொனெல்லா என்ன உன் மாமன் மகளா? அது வந்தா வந்துட்டுப் போகுது, எழுதுடா” என்றான்.

நான் எழுதவில்லை. என்ன செய்தேன் என்றால், எங்களிடம் பெயர் தெரிந்த சால்மொனெல்லா ஒன்று வைத்திருப்போம், அதை அதே பிளேட்டில் போட்டேன். மறுநாள் நன்றாக வளர்ந்திருந்தது. ஆக பிளேட் நல்ல பிளேட். வளர வேண்டியதை அது வளர்க்கும். குப்பியில்தான் ஒன்றுமில்லை. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிளேட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

“தப்பாச்சுன்னா உன் பேர்லதான் போகும்.”

“என் பேரையே போடுங்க மேடம்.”

அப்புறம் முடிவு வந்ததும்தான் தெரிந்தது. இப்படிப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள் என்று தெரிந்துதான், பரீட்சை வைக்கிறவர்கள் ஒவ்வொரு லேபுக்கும் குப்பியின் வரிசையை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாலாவது சால்மொனெல்லா. எங்களுக்கு நாலாவது வெறும் குப்பி. எங்கள் மேடம் அந்த சிநேகிதிக்குப் பதிலுக்கு என்னவோ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அவர்கள் ஒன்றை மாற்றி எழுதித் தோற்றுப்போனார்கள். எங்களுக்கு எட்டுக்கு எட்டு. யாரால்? நான் பிடிவாதமாக உண்மையை எழுதியதால். அதற்குத்தான் அந்தக் கேக். பேச்சில் என்ன சொன்னார் தெரியுமா மேடம்? “நம்ம லேப்ல இருக்கிற நேர்மைக்குக் கிடைச்ச மார்க் இது” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதை விடுங்கள். ஸ்வாபுக்கு வருகிறேன்.

குப்பிகளின் பதிலை அனுப்பிய பிறகு அந்தத் தட்டை எடுத்தேன். டாக்டரம்மா நடுவில் ஒருநாள் படிக்கட்டில் பார்த்து, “ஆச்சுங்களா தம்பி?” என்று கேட்டார்கள். ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். பொய்யில்லை, லேபில் வேலை ஆகிக்கொண்டுதானே இருந்தது? போடலாமென்று பார்த்தால் புதுப் பிளேட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பரீட்சைக்குத் தீர்ந்துவிட்டது. அலமாரியின் அடித்தட்டில் தேதி முடிந்துபோன பிளேட்டுகள் இருந்தன. ரத்தம் கறுத்து, ஓரம் காய்ந்து. மேடத்திடம் கேட்டேன். “ரொட்டீனுக்குத்தானே, போடு” என்றார். போட்டேன். ஒன்றும் வளரவில்லை. வளர்ச்சி இல்லை என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவது குப்பிக்குச் செய்ததுபோல, பெயர் தெரிந்த ஒரு கிருமியை அந்தப் பழைய பிளேட்டில் போட்டுப் பார்த்தாயா என்பீர்கள். போட்டுப் பார்க்கவில்லை. அதற்கு யார் நேரம் கொடுத்தார்கள்? ரொட்டீனுக்கு அதெல்லாம் செய்கிற வழக்கம் எங்கள் லேபில் கிடையாது. வழக்கம் இல்லாததை நான் ஒருவன் செய்தால் மற்றவர்கள் செய்வதில்லை என்று நான் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகாதா? நான் எழுதினது பொய்யா சொல்லுங்கள். வளரவில்லை, வளரவில்லை என்று எழுதினேன். வளராததை வளர்ந்தது என்று எழுதமாட்டேன் என்று சொன்னவன்தானே நான்? இங்கேயும் அதையேதான் செய்தேன்.

டாக்டரம்மா வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்கள்.

“இல்லைங்களா? ஆனா இன்னும் தும்முதுங்களே தம்பி.”

“வளரலை டாக்டரம்மா.”

“சரிங்க. தூசியா இருக்கும். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்.”

போய்விட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எப்போது போட்டாய், எந்தப் பிளேட்டில் போட்டாய், மறுபடி ஒருதரம் போடு என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த அம்மாமேலும் கோபம்தான் அண்ணாச்சி. படித்தவர்கள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள், கண்ணால் தும்மலைப் பார்த்துவிட்டு ஒரு தாளை நம்பிப் போகலாமா?

புது எலிகளை மற்ற எலிகளோடு விட்டார்கள். மார்ச்சில் ஆரம்பித்தது. மயிரில்லாத உடம்பு இல்லையா, கட்டி கிளம்பினால் பளிச்சென்று தெரியும். கண்ணைச் சுற்றி, கழுத்தில், சீழ்க்கட்டி. அந்த அறையில் ஒரு புற்றுநோய் மருந்தின் ஒன்றரை வருஷச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிற்று. மிச்சமிருந்த எலிகளையும் கொல்லச் சொல்லிவிட்டார்கள். வேறு ஆளை விடாமல் டாக்டரம்மாவே உள்ளே போய்ப் பெட்டியில் வைத்து வாயுவைத் திறந்தார்களாம். வெளியே வந்தபோது முகக்கவசம் நனைந்திருந்தது என்று பிரான்சிஸ் சொன்னான். நான் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பிளேட் எண்ணுகிற வேலை இருந்தது.

இப்போது அவர்கள்மேல் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஜனவரியில் புது எலிகளுக்குக் கிருமி இல்லை என்று லேப் சொல்லியிருக்கிறது. அந்த லேப் எட்டுக்கு எட்டு வாங்கின லேப், தப்பாகச் சொல்லாது. ஆக, கிருமி அதற்குப் பிறகுதான் உள்ளே போயிருக்கிறது. யாரோ குளிக்காமல் அறைக்குள் போயிருக்கிறார்கள். அறையைச் சரியாகக் காவல் காக்காதது டாக்டரம்மாவின் குற்றம். எப்படி இருக்கிறது? எங்கள் சான்றிதழை எடுத்து அவர்கள் தலையில் அடிக்கிறார்கள். நான் ராப்பகலாகக் கண் முழித்து வாங்கின மார்க்கை எடுத்து அவர்கள் தலையில் அடிக்கிறார்கள்.

கிருமி புது எலியோடு வந்தது. அவர்களுக்கு முதல்நாளே தெரியும். சொல்லவும் சொன்னார்கள். ஸ்வாப் ஃப்ரிட்ஜில் கிடந்து செத்தது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேடம்.

போன வாரம் மேடம் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னை நிரந்தரமாக்கின உத்தரவு மேசைமேல் இருந்தது. அதைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். “விசாரணைல உன்னை ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. ரிப்போர்ட் நீ போட்டதா? ஆமா. கிருமி வளந்துச்சா? இல்ல. ரெண்டும் உண்மைதானே? கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும். கதை சொல்லாத.”

எனக்கு எப்படிக் கொதித்தது தெரியுமா? என்னைப் பொய் சொல்லச் சொன்னால்கூட மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லியிருப்பேன். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லையே. உத்தரவை வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றி மேடம் என்றேன். அதற்கு வேறென்ன சொல்வது?

ஊருக்குப் போனேன், அப்பாவிடம் கேட்கலாமென்று. அம்மா உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், “எலி செத்ததுக்கு ஒரு கேஸா? இங்க எலி செத்தா பொறில வச்ச வடை வீண்போகலன்னு சந்தோசப்படுவாவ” என்றாள். அப்பா சிரிக்கவில்லை. இப்படிச் சொன்னார்: “கங்காணி என்ன கேக்கானோ அதுக்கு மட்டும் வாயத் தொறக்கணும்லே. கேக்காததச் சொன்னவன் மறுநாள் அளத்துல நின்னு நான் பாத்ததில்ல.”

மேடம் சொன்னதும் அதுதான், அப்பா சொன்னதும் அதுதான். ஆனால் மேடம் சொன்னது சூழ்ச்சி. அப்பா சொன்னது அனுபவம். வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

போட்டு உடைக்கப்போகிறேன் என்றேன், ஆமாம். உடைக்கத்தான் போகிறேன். கேட்டால். கேட்டால் ஒன்றையும் மறைக்கமாட்டேன். பரீட்சையிலும் அப்படித்தானே, கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும்? கேட்காத கேள்விக்கு எழுதினால் அடித்துவிடுவார்கள். விசாரணையில் மூன்று பேர் உட்காருகிறார்கள், பெரிய பெரிய ஆட்கள். ஒருவருக்குக்கூட தோன்றாதா, ஸ்வாப் எத்தனை நாள் காத்திருந்தது என்று கேட்க? தோன்ற வேண்டும். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்? தோன்றாவிட்டால் அது அவர்கள் தப்பு அண்ணாச்சி, என் தப்பு இல்லை.

என்ன சொன்னீர்கள்?

அந்த அம்மாவிடமே சொல்வதா? சொல்லி, அவர்களையே நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்வதா? நன்றாக இருக்கிறது. கேள்வித்தாளை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறீர்கள். இதைத்தானே அன்றைக்கு மேடம் செய்தார்? போன் போட்டு இங்கேயும் அங்கேயும் சொல்லிக்கொண்டார்கள், அது ஏமாற்று வேலை என்று இவ்வளவு நேரம் உங்களிடம் சொன்னேன். அதையே நான் செய்வதா? நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

இல்லை, கோபமில்லை. உங்கள்மேல் எனக்கென்ன கோபம்.

மேல்மருவத்தூர் போய்விட்டதா? அப்போது உங்கள் ஊர் வந்துவிட்டது. சரி, ஒன்று செய்யுங்கள். இறங்குவதற்கு முன்னால் ஒருதரம் நீங்களே கேட்டுப் பாருங்கள். விசாரணைக்காரர் மாதிரி. எனக்குப் பதில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தம்பி என்று சொல்லக் கூடாது. பெயரைச் சொல்லி அதட்டிக் கேளுங்கள்.

ஆமாம் ஐயா, ஸ்வாபை நான்தான் வாங்கினேன். அன்றைக்கே போடவில்லை ஐயா. ஃப்ரிட்ஜில் வைத்தேன். பரீட்சை முடிகிறவரைக்கும், அத்தனை நாளும். தேதி முடிந்த பிளேட் ஐயா. இல்லை ஐயா, அந்தப் பிளேட்டைச் சோதிக்கவில்லை. பாஸ்டுரெல்லா இருந்திருந்தாலும் அதற்குள் செத்திருக்கும் ஐயா. தெரியும் ஐயா, அது எனக்கு முதல்நாளே…

அதைக் கேட்கமாட்டார்கள் அண்ணாச்சி. உனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வி தேவையில்லாதது, அதை விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் வந்துவிட்டது பார்த்தீர்களா? கேட்டால் வந்துவிடுகிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆள் கேட்க வேண்டும். அது ஏன் இத்தனை பேருக்கும் தோன்றவில்லை?

பைகளைப் பிடிக்கிறேன், நீங்கள் எழுந்திருங்கள். இல்லை, கொஞ்சம் உட்காருங்கள். பஸ் இன்னும் நிற்கவில்லை. இருங்கள். இந்த எண்தான். வருஷ ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள், ஏதாவது என்றால் கூப்பிடுங்க தம்பி என்று. ரிங் போகிறது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பேசிவிடுகிறேன்.

“டாக்டரம்மா, நான் கொம்பையா. பஸ்ல வந்துட்டிருக்கேன். இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஏன் டாக்டரம்மா என்கிட்ட ஒண்ணுமே கேக்கல? ஜனவரியிலயும் கேக்கல, மார்ச்லயும் கேக்கல. நான் போட்டா சரியாத்தான் இருக்கும்னு எத வச்சுச் சொன்னீங்க? அழல டாக்டரம்மா, கோவத்துல பேசுறேன். இப்பக் கேளுங்க. ஸ்வாப என்னைக்குப் போட்டன்னு கேளுங்க.”